சைபரை நம்பாதவர்

திருப்பதியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருந்தார். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. தொடைக்கு ஒன்றாக இரண்டு லேப்டாப். அடிக்கடி, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் அவற்றின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் பண்றீங்க?" என்றேன்.

"பிராசஸர் எவ்ளோ கரெண்டு துன்னுதுன்னு சொல்ற சாப்ட்வேர் சார். இந்த சிப்புல கரெக்டா சொல்லுது. அந்த சிப்பு வேற கம்பெனி, கணக்கு வெக்கிற எடமே வேற. தொடை வெந்துபோவுது, அது சைபர்னு காட்டிக்கினு கீது! காலைல கஸ்டமருக்குக் காட்டணும்."

சந்திரகிரி தாண்டியதும், "ஆச்சு!" என்று திரையைத் திருப்பினார். சைபர் இருந்த இடத்தில் இப்போது 'தெரியாது' என்று வந்தது.

"இதையா கஸ்டமருக்குக் காட்டப் போறீங்க?"

"வழி கெடைக்கிற வரைக்கும் இதான். சைபர்னா நம்பிடுவாங்க சார்." குஷியாக மொட்டையைத் தடவிக்கொண்டார்.

காணிப்பாக்கம் திருப்பத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, எங்கள் பஸ்ஸும் நின்றுவிட்டது. வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள். எங்கே இருந்தாலும் "சித்தூர் வந்துட்டேன்" என்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு அந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது வாயில் வரவில்லை.

"எப்ப வருவேன்னு தெரியல" என்றேன்.



"ஏங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"