கூப்பிடு தூரத்து டாக்டர்

ஆட்டோ பிடித்துவருகிறேன் என்று மனைவியையும் மாமியாரையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் விட்டுவந்தவன், ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டியதுகூடத் தெரியாமல் விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பட்டறையில் அகல்விளக்கு அச்சுக்குப் பீங்கான் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்து ஓடியிருந்தேன். விரலிடுக்கில் மண் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

மனைவிக்கு நச்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வரும் வழியை அடைத்திருக்கிறதாம். ஆபரேஷன்தான். "மயக்க டாக்டரு வெளியூருங்க. செவ்வாயும் வெள்ளியுந்தான் வருவாரு. நடுவுல ரத்தம் போச்சுன்னா கடலூருக்குத்தான் அனுப்பணும்" என்றார் நர்ஸம்மா.

எனக்கு உடனே சகலை ஞாபகம் வந்தது. மனைவியின் தங்கை புருஷன். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. நானும் அங்கேதான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்களும் ஒரே டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் நான் அவளை விருத்தாசலத்துக்கு அனுப்பிவைத்து, பின்னாலேயே வந்து பட்டறையில் சேர்ந்தேன். அடுத்த மாதம் தங்கையின் வளைகாப்பு முடிந்தும் அவன் அனுப்பவில்லை. கூட்டிப்போக வந்த மாமியார் தனியாகத் திரும்பினார். "பொண்டாட்டிய விட்டுட்டுத் தூக்கம் வராதாய்யா ஒனக்கு?" என்று அன்றைய பந்தியில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மோர் ஊற்றிக்கொண்டான்.

அவனும் என்னைப்போல ஏழாவதோடு நின்றவன்தான். வாடகை வீடுதான். அவன் பெண்டாட்டிக்கு வலி வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தால் போதும். மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், ரத்த பேங்கு எல்லாம் அங்கேயே. அந்த நாலு எட்டு நடையை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் ஏதாவது கோளாறு வரட்டுமே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஜங்ஷன் வாசலில் நின்று அவனுக்கே போன் செய்தேன்.

"என்னாண்ணே, அதிசயமா இருக்குது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ரத்தம் எதுவும் போவலல்ல? அப்ப டாக்டரக் கேட்டுக்கிட்டு இன்னிக்கே கெளம்பிடுங்க. கார் அனுப்பறேன். நாங்க மேல் ரூமுக்குப் போயிக்கறோம், அக்கா கீழ இருக்கட்டும்."

"அத்த என்னா சொல்லுவாங்களோ."

"அவங்களையும் ஏத்திக்கிட்டு வாங்க. ரெண்டு பொண்ணுக்கும் இங்கயே சோறாக்கட்டும். அவங்க இருக்கற வூடுதான தாய்வூடு?"

ஒரு குத்தல் பேச்சு பேசியிருந்தால் தேவலை. பேசவில்லை.

ஆஸ்பத்திரியில், இப்போதே போய்விடுவதுதான் நல்லது என்றார்கள். மாமியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "சின்ன மாப்ள வரச் சொன்னாருங்களா?" ஆமாம் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டார். அதுவும் எனக்கு எரிந்தது.

சாயங்காலம் பாண்டிச்சேரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிரசவம் வரை ஊரைவிட்டு நகரக்கூடாது என்றார். நானும் அங்கேயே இருந்தாக வேண்டும். மறுநாள் காலை சகலையின் கடையிலேயே கிளாஸ் கழுவச் சேர்ந்தேன்.

"அண்ணே, சோப்பு போவல. இன்னொரு தண்ணி வுடுங்க" என்றான்.

பார்த்தேன். போகவில்லைதான். இன்னொரு தண்ணீரில் அலசினேன்.