தாமிரபரணிக் கரையில் தலைக்கு அறுபது ரூபாய்

குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தால் மாதச் சம்பளக்காரர்களுக்கு எப்படி வயிறு எரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எரிச்சலோடுதான் திருநெல்வேலிக்குப் போனோம். சனிக்கிழமை டவுணில் என் கணவர் சேகரின் நண்பர் வீட்டுக் கல்யாணம். திருச்சிக்குத் திரும்ப ரயில் ஞாயிறு மாலை ஏழேகாலுக்குத்தான். நடுவில் கிடைத்த பகலை மணிமுத்தாறு, தாமிரபரணி என்று கழிக்கலாம் என முடிவு செய்தோம். அதேபோல ஒருநாள் சுற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதிக்கு மேல் ஓட்டல் பில்லைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பில்லைப் படிக்காமல் பணம் கொடுக்கிற ஆள் இல்லை. "நீ சாப்பாட்டை முழுங்கிடுவே, பில்லைத்தான் மென்னு சாப்பிடுவே" என்பார் சேகர். அன்று எனக்கு மெல்ல நிறையவே கிடைத்தது. காலையில் ரத வீதி ஓட்டலில் ரவா தோசை விலைமேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். எழுபது ரூபாய் எண்பத்தைந்தாகியிருந்தது. கேட்டால், "லீவு நாள்லா மேடம்" என்றார் கல்லாவில் இருந்தவர். கார் வாடகை 2,800. டிரைவர் பேட்டா 300 என்று போனில் பேசியது, ஞாயிறு என்பதால் 400. டிரைவர் கணேசன் நல்ல மனிதர் என்பதால் அதைச் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

டவுணிலிருந்து மணிமுத்தாறு சுமார் 45 கிலோமீட்டர். ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதுக்கு முன்பே அணையடிக்குப் போய்விட்டோம். அருவிக்குப் போகும் சோதனைச் சாவடியில் அப்போதே வண்டிகள் வால்போல நின்றன. பதினொன்றரை வரை காத்திருந்து, அருவியில் தலையை மட்டும் காட்டக்கூட இடமில்லை என்று தெரிந்ததும் திரும்பினோம். விடுமுறை நாளில் போகிறவர்கள் ஏழு மணிக்கே அங்கே இருங்கள். இல்லாவிட்டால் போகாதீர்கள்.

"இங்கன நின்னா பொழுது போயிரும்க்கா. கல்லிடைக்குறிச்சி பக்கத்துல நமக்குத் தெரிஞ்ச படித்துறை இருக்கு. பைய குளிக்கலாம், சாப்பாடும் கெடைக்கும்" என்றார் கணேசன்.

அவர் கூட்டிப்போன மெஸ் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஆற்றை ஒட்டியே தகரக் கூரை. பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். நடத்துவது பேச்சியம்மாள், ஐம்பது வயது இருக்கும். பரிமாறுவது அவருடைய தம்பி சுடலை. உள்ளே நுழைந்ததுமே எனக்கு ஏதோ ஒட்டவில்லை. மேசைகளுக்கு ஒரு பக்கம்தான் பெஞ்சு. எல்லோரும் ஆற்றைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், ஆற்றுக்கு யாரும் முதுகைக் காட்ட முடியாது. அவ்வளவு கூட்டத்திலும் பாட்டு இல்லை, டிவி இல்லை. சுடலை சாம்பார் ஊற்றும்போதுகூட என் இலையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். சாம்பார் இலையைத் தாண்டி என் மடியில் வழிந்தது.

படித்துறைக்கு நேரே மணலும் முழங்கால் தண்ணீரும். இடதுபுறம், மருத மரங்களின் வேர் இறங்கும் இடத்தில் மட்டும் ஆறு ஓடவே இல்லை. கறுத்து, அசையாமல் நின்றது. "அது கசம்க்கா" என்றார் கணேசன், குரலைத் தாழ்த்தி. ஆற்றுக்குள் இருக்கும் ஆழக் குழியை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். "மேல சிலேட்டு மாதிரி கெடக்கும். உள்ள இழுக்கும்."

சாப்பாடு அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு சாப்பாடு 120. ஆனால் பில்லில் இரண்டு பேருக்கு 240க்குக் கீழே இன்னொரு 120. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் பலகை: சனி, ஞாயிறு தலைக்கு 20. அரசு விடுமுறை தலைக்கு 40. எதற்கு என்று எழுதவில்லை.

"இன்னிக்கு ஞாயிறா, அரசு விடுமுறையா? ஒண்ணுதானே வரும்?" என்றேன்.

"ரெண்டுந்தானம்மா. கூட்டமும் ரெண்டு பங்குல்லா. தலைக்கு அறுவது" என்றார் பேச்சியம்மாள். பேசிக்கொண்டே நூல் கோத்த இரண்டு பித்தளை வில்லைகளை என் முன் வைத்தார். "குளிக்கப் போறவுகளுக்கு மட்டும். குளிச்சிட்டு நேர்ல வந்து வில்லையக் குடுங்க, அறுவதையும் திருப்பித் தாரேன். ஆளாளுக்கு மொகத்தக் காட்டணும்."

"திருப்பித் தர்றதுக்கு எதுக்கு வாங்கணும்?"

"ஆத்துக்குப் போனவுக ஏறியாச்சான்னு எங்களுக்குத் தெரியணும்லா. சும்மா சொன்னா யாரு திரும்பி வாராவ? காசுன்னா வருவாவ. அஞ்சு மணிக்கு ஒரு வில்லை கொறஞ்சாலும் நாங்க எறங்கித் தேடுவோம்."

நான் நம்பவில்லை என்பதுதான் உண்மை. திரும்ப வந்தால் டீ, வடை என்று இன்னும் நூறு ரூபாய் கறப்பதற்கான வழி இது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரருக்கும் அதே எண்ணம். முப்பத்தைந்து வயது இருக்கும், பைக்கில் வந்தவர், ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்திருந்தார். "இதெல்லாம் எந்த ரூல்ல இருக்கு மேடம்?" என்று என்னிடம் கேட்டார். "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றேன். பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, "நான் குளிக்கவே போகலை. சும்மா கரையில உக்காந்துட்டுப் போறேன். சாப்பாட்டுக் காசு மட்டும் எடுத்துக்கோங்க" என்று 120 ரூபாயைக் கல்லாவில் வைத்தார். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த யோசனை நமக்கு வரவில்லையே என்று பொறாமைகூட வந்தது. முழு பில்லையும் கட்டிவிட்டு வில்லைகளைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

இரண்டேகாலிலிருந்து நான்கு வரை குளித்தோம். சுடலை பாறைமேல் ஏறி நின்றார், கழுத்தில் விசில். யாராவது இடதுபுறம் நாலடி நகர்ந்தாலே ஊதினார். தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒருமுறை காலடியில் மட்டும் வேறொரு தண்ணீர் கடந்து போனது, ஐஸ் மாதிரி. அது போகும்வரை நான் மூச்சுவிடவில்லை. சேகரிடம் சொன்னேன், அவருக்கு எதுவும் தெரியவில்லையாம். மருத மர வேரில் நீலச் சட்டைக்காரர் உட்கார்ந்து செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

நாலேகாலுக்குக் கிளம்பினோம். மெஸ்ஸுக்குள் போகாமல் பக்கத்துப் பாதையில் நேராகக் காருக்குப் போகலாம் என்றது நான்தான். 120 ரூபாய் எப்படியும் திரும்பாது, உள்ளே போனால் டீ, வடை என்று இன்னும் நூறு போகும் என்று கணக்குப் போட்டேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க அரைமணி நேரம் ஆனது. ஐந்து பத்துக்கு வீரவநல்லூரில் டீக்கு நிறுத்தினோம். பர்ஸைத் திறந்தபோது வில்லைகள் பெஞ்சில் விழுந்தன. "பாருங்க கணேசன், உங்க பேச்சியம்மாள் குடுத்த ஞாபகப் பரிசு" என்றேன்.

கணேசன் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். "இதக் குடுக்கலியாக்கா?"

"நூத்தியிருபது ரூபாய்தானே, போகட்டும்."

"காசு கெடக்கட்டும். அவுக இப்ப தண்ணிக்குள்ள நிப்பாவ. ஒங்களத் தேடி!"

ரயில் போய்விடும் என்றார் சேகர். நாங்கள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் கணேசன் வண்டியைத் திருப்பிவிட்டார். வந்த வழியே பதினோரு கிலோமீட்டர். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வயலெல்லாம் ஒரே சாம்பல் நிறம். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

மெஸ்ஸில் அடுப்பு அணைந்திருந்தது. குளித்த கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. படித்துறையில் பாத்திரம் தேய்க்கிற அம்மா ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கீழே ஆற்றில் ஏழெட்டு ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். செத்தவளைப் பார்க்கிற பார்வை அது. அதை நான் வேறு எப்படியும் சொல்ல முடியாது.

மணலில் வேட்டி போர்த்தி ஒரு உடம்பு கிடந்தது. ஓரத்தில் நீலச் சட்டை தெரிந்தது.

"ஒங்களத் தேடித்தாம்மா எறங்குனோம்" என்றார் சுடலை. பல் தந்தி அடித்தது. "கசத்துக்குள்ள கையில துணி தட்டுச்சு. நீங்கதான்னு நெனச்சுத்தான் தூக்குனேன். ஏற்கெனவே உயிரு இல்ல."

"நீங்க பாறைமேல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"குளிக்கலன்னு சொன்னாருல்லா" என்றார். "அதான் அவர எண்ணல."

நாங்கள் ஒழுங்காக வில்லையைக் கொடுத்திருந்தால் அன்று யாரும் ஆற்றில் இறங்கியிருக்க மாட்டார்கள். கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். நீலச் சட்டைக்காரர் மூன்றாம் நாள் சேரன்மகாதேவிப் பக்கம் எங்காவது ஒதுங்கியிருப்பார் என்றார் கணேசன். அதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சியம்மாள் வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சேகரைப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் வந்தாச்சுலே, ஏறுங்க!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் அந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். பேச்சியம்மாள் வில்லைகளை வாங்கிக்கொண்டு 120 ரூபாயை என் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "பிடிம்மா. நீ வாங்குனாத்தான் எனக்குக் கணக்கு முடியும்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

போலீஸ்காரர் வந்து, இறந்தவரோடு பேசியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பெயர் கேட்டார், தெரியவில்லை. ஊர் கேட்டார், அதுவும் தெரியவில்லை. பில்லைப் பற்றி மட்டும்தான் பேசினோம் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ரயில் போய்விட்டது. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து பஸ் பிடித்து விடியக் காலையில் திருச்சி வந்தோம். விடுமுறை நாள் என்று டிக்கெட்டில் கூடுதலாக வாங்கினார்கள். நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரியில் தண்ணீர் இதமாக இருக்கும், ஆனால் மேலே அணையில் எப்போது திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் குளிக்காதீர்கள், மரநிழல் எவ்வளவு அழகாக இருந்தாலும். ஊர் திரும்பும் ரயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விட்டுவையுங்கள். ஓட்டல்களில் ஸ்டிக்கர் விலையைத் தட்டிக் கேளுங்கள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் கணேசனோடு பேசினேன். அந்த மனிதர் யார், வீட்டில் யாரெல்லாம் என்று தெரிந்ததைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. மெஸ்ஸில் பலகையை மாற்றிவிட்டார்களாம். இப்போது குளிக்காதவர்களுக்கும் தலைக்கு அறுபது, ஆற்றை எட்டிப் பார்க்க வந்தவர்களுக்கும் வில்லை. எதற்கு என்று இப்போதும் எழுதவில்லையாம். சாப்பிட்டு முடித்து பில்லைப் பார்த்ததும் உங்களுக்குச் சுர்ரென்று கோபம் வரும். நன்றாகச் சண்டை போடுங்கள். போட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கோபத்தோடே உள்ளே போய் பேச்சியம்மாளிடம் உங்கள் முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.