மாரி ஊற்றாத மருந்து

எங்கள் ஏரியில் மருந்து ஊற்றியவள் நான். மாரி அல்ல.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஊரில் எவரிடமும் சொன்னதில்லை. கணவரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்... இதுவும் ஒரு கோழைத்தனம்தான் என்று அறிந்தே சொல்கிறேன்.

உத்திரமேரூருக்குச் சற்றுத் தொலைவில், வீடுகளின் கொல்லைப்புறம் வரை தண்ணீர் வந்து நிற்கும் ஏரி எங்களுடையது. மகளிர் குழுக்கள் ஊர்தோறும் தோன்றிய காலம் அது. எங்கள் குழுவுக்கு நான் தலைவி. ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை படர்ந்து, தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. ஞாயிறுதோறும் இறங்கி நாமே அகற்றுவோம் என்று முதலில் சொன்னவளும் நானே!

முதல் வாரம் முப்பது பெண்கள் வந்தார்கள். இரண்டாம் மாதத்தில் ஏழு பேர். பிடுங்கிக் கரையில் எறிந்த இடத்தில் அடுத்த ஞாயிறே மறுபடியும் பச்சை. கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஏரிக்கரையில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவள் கன்னியம்மா. மறுகோடியில் இருந்த நான்கு இருளர் குடிசைகளில் ஒன்று அவளுடையது. அவள் கணவன்தான் மாரி. வயல்களில் எலி பிடிப்பான், ஏரியில் மீன் பிடிப்பான், கூலிக்கும் போவான். அவர்களை நாங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அப்படியிருந்தும் ஏன் வருகிறாய் என்று ஒருநாள் அவளைக் கேட்டேன்.

"எங்க சோறே இதுலதானம்மா கீது" என்றாள்.

"அம்மான்னு கூப்புடாத. அக்கான்னு கூப்புடு" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை எனக்கு!

அந்தச் சித்திரையில், எங்கள் பணியைப் பார்வையிட அதிகாரிகள் வரப்போவதாகத் தகவல் வந்தது. பதினைந்து நாள்கூட இல்லை. படித்துறைப் பக்கமே இன்னும் துலங்கவில்லை. எங்கள் உழைப்பு வீணாகிவிடுமே என்று அஞ்சினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். தலைவி என்ற என் பெயர் போய்விடுமே என்றுதான் அஞ்சினேன்.

காவாந்தண்டலத்தில் ஒரு கல்யாணம். எங்கள் தெருவே அங்கே போயிருந்தது. தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். உச்சி வெயிலில், வயலுக்கு வாங்கி வைத்திருந்த களைக்கொல்லியைக் கலந்து, தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு படித்துறையில் இறங்கினேன். எத்தனை நடை நடந்தேன் என்று நினைவில்லை. மிஞ்சியதைத் தண்ணீரிலேயே கொட்டினேன்.

நீர்நிலைகளில் கலக்கக் கூடாது என்று டப்பாவின் மேல் எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன்...

சில நாளில் இலைகள் பழுத்துக் கருகின. வெயிலுக்குக் காய்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். வந்த அதிகாரிகள் பாராட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கன்னியம்மா கைதட்டியது இன்னும் என் காதில் கேட்கிறது.

அதன் பிறகுதான் மீன்கள் மிதந்தன. கருகிய தாமரையெல்லாம் வற்றிய தண்ணீரில் அழுகி, ஏரியே கறுத்து நாறியது. கெண்டையும் விராலும் வயிறு வெளுத்துக் கரையோரம் குவிந்து கிடந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்த எருமை ஒன்றும் செத்தது.

மதகடியில் ஊர் கூடியது. மீன் குத்தகை எடுத்திருந்தவர்தான் ஆரம்பித்தார்.

"வேற யாரு? இவனுங்கதான் மருந்து போட்டு மீன் புடிச்சிருப்பானுங்க!"

மாரி கைகூப்பியபடியே கேட்டான். "நாங்க துன்ற மீனுக்கு நாங்களே இன்னாத்துக்கு நைனா மருந்து வெக்கிறோம்?"

பதிலுக்கு யாரோ அவன் கன்னத்தில் அறைந்தார்கள். கன்னியம்மா கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, நீ சொல்லுக்கா! வாரா வாரம் உன்கூடத்தான தண்ணில நின்னுக்கினு இருந்தேன். நாங்க செய்வமா? சொல்லுக்கா!"

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. ஒரு வார்த்தை போதும்... நான்தான் என்றுகூட வேண்டாம், இவர்கள் செய்திருக்க மாட்டார்கள் என்றாவது சொல்லியிருக்கலாமே! என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"எனக்கு எதுவும் தெரியாதுப்பா. ஊரு பாத்து இன்னா செய்யணுமோ செய்ங்க."

மறுநாள் காலையில் நான்கு குடிசைகளையும் பிரித்துப் போட்டார்கள். நான் வீட்டுக்குள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெறுப்பாக இருக்கிறது... ஒரு கல்கூட விடாமல் பொறுக்கினேன்.

அடுத்த ஞாயிறு நான் ஏரிக்குப் போகவில்லை. வேறு யாரும் போகவில்லை. குழு அப்படியே கலைந்தது. மழை வந்ததும் ஆகாயத்தாமரையும் வந்துவிட்டது. இப்போது கரையெங்கும் பிளாஸ்டிக் குப்பை. எங்கள் தெருப் பெண்கள் கொல்லைப்புறத்திலிருந்தே வீசுகிறார்கள். நானும் வீசுகிறேன். தடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

நான்கைந்து ஆண்டுகள் கழித்து, வாலாஜாபாத் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய்த் திரும்புகையில், பேருந்து நிறுத்தத்தில் கன்னியம்மாவைக் கண்டேன். உடம்பெல்லாம் செங்கல் தூள். அடையாளம் தெரியாமல் இளைத்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன். அதற்குள் அவளே ஓடிவந்துவிட்டாள்.

"அக்கா! நல்லாக்கீறியா?"

சூளையில் வேலையாம். மாரி எங்கே என்று கேட்டேன்.

"போன மழைல போயிட்டாருக்கா. இருமி இருமியே... சாவுற வரிக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு. நான் ஊத்தல, நான் ஊத்தலன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரு ஊத்துனாங்கன்னு கடைசில தெரிஞ்சிதாக்கா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்!

"தெரில கன்னியம்மா" என்றேன்.

"நாங்க ஊத்தலன்னு நீயாவது நம்புறியாக்கா?"

"நம்புறேன்."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இது போதும்க்கா... இது போதும்" என்று தேம்பினாள். என் விரல்கள் அவள் கண்ணீரில் நனைந்தன. நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.

பேருந்து வந்தது. ஏறி, ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.