திரும்பும் தேதி கேட்காதவள்

கணவனிடம் "எப்ப வருவீங்க" என்று கேட்பதை மைதீன் பீவி நிறுத்திப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

ஷேக் தாவூது மலேசியாவில், கிள்ளானில், ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டர். போன புதிதில் தேதி சொல்வார். பெருநாளைக்கு வாரேன் என்பார். முதலாளி லீவு தரமாட்டார். மகள் சுஃபியாவின் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு வாரேன் என்றார். புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வந்திருக்கவில்லை. ஒன்றுமே கேட்காமல் விட்ட வருடங்களில் மட்டும் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். இரண்டு முறை அப்படி நடந்தது. மைதீன் பீவிக்கு அது போதும். கேட்டால் தட்டிப்போகும் என்று முடிவுகட்டிவிட்டாள்.

மற்ற விஷயங்களில் அவள் அப்படியில்லை. காஜிமார் தெரு வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பவள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்று சொன்னால் பதினொரு மணிக்குச் சேலை மடித்துத் தயாராக இருக்கும். தேதிக்கு அப்பாற்பட்டவர் அந்த ஒருவர்தான்.

சென்ற தையில் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தது. அவரோடு வேலை பார்த்த அசீம்தான் ரிப்போர்ட்டுகளை அனுப்பினான். ஆறு மாத சிகிச்சைக்குப் பின், இனி விமானத்தில் ஏற்றும் நிலையில் இல்லை என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. சுஃபியா டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். கடைசியாக வந்த ரிப்போர்ட்டின் எண்களைப் படித்தாள். அதிகம் போனால் பத்து நாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மைதீன் பீவிக்கு அவசரமாக எடுத்த பாஸ்போர்ட் வந்த அன்று அதிலிருந்த போட்டோவை அவருக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு அவர் குரல் வந்தது. இளைத்த குரல். "என்ன மைதீனு, ரேசன் கடையில சீனி இல்லைன்னு சொன்ன மாதிரி மூஞ்சிய வச்சிருக்க. இத வச்சு உள்ள விடுவானா?"

"நீங்க ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு இந்த மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வாரேன்?" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

டிக்கெட் எடுக்கும்போதுதான் தகராறு வந்தது.

"திரும்பி வர டிக்கெட்டும் எடுக்கணும்மா. முப்பது நாள்தான் இருக்கலாம். கேப்பாங்க."

"எந்தத் தேதிக்கு எடுப்ப?"

"ஏதாச்சும் ஒரு தேதிக்கு."

மைதீன் பீவி மிஷினை நிறுத்தினாள். "அவரு நல்லா எந்திரிச்சார்னா கூட்டிக்கிட்டு வாரேன். இல்லைன்னா மவுத்துக்குப் பின்னாடி வாரேன். இந்தத் தேதிக்கு வாரேன்னு இப்பவே சீட்டு எடுத்தா, ஒங்க அத்தாவுக்கு நாள் குறிச்ச மாதிரி ஆகாதா? நீ குறிப்பியா?"

சுஃபியா ஒருவழி டிக்கெட் எடுத்தாள். அந்த நாட்டுக்குள் நுழைய ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் புறப்படும் தேதி என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. முப்பதாவது நாளைப் போட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. வெறும் கட்டம்தானே என்று நினைத்தாள்.

திருச்சியில் விமானம் ஏற வேண்டும். கொட்டாம்பட்டி தாண்டும்போது இன்னும் நல்ல இருட்டு. மடியில் ஒரு டப்பா நிறைய நார்த்தங்காய் ஊறுகாய். அவர் கேட்டது. உப்பு ஆகாது என்று சுஃபியா சொல்லிப் பார்த்தாள். "நாக்குல தடவிப் பாக்கட்டும். அம்புட்டுத்தான்" என்றாள் மைதீன் பீவி.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவளிடம் கவுண்டர் பெண் ரிட்டர்ன் டிக்கெட் கேட்டாள். மைதீன் பீவி மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டினாள். கவுண்டர் பெண் யாரையோ கேட்டுவிட்டு, "அங்க போனா கண்டிப்பா கேப்பாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினாள். சுஃபியா வெளியேதான் நின்றிருந்தாள். மைதீன் பீவி அவளைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

கோலாலம்பூரில் மதியம் ஒன்றரைக்கு இறங்கினாள். குடிநுழைவுக் கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தமிழ் தெரிந்த ஒரு பெண் ஊழியரைக் கூப்பிட்டார்.

"எப்ப திரும்பிப் போவீங்கம்மா?"

"அது எனக்குத் தெரியாது தாயி. அல்லாவுக்குத்தான் தெரியும்."

"ஃபாரத்துல தேதி போட்டிருக்கே?"

"நான் எந்தத் தேதியும் போடலையே."

அந்தப் பெண் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். படிவத்தில் ஒரு தேதி, வாயில் வேறு பதில், கையில் டிக்கெட் இல்லை. அவளை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். வேறு பலரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளை அதட்டவில்லை. வரிசைப்படிதான் கூப்பிட்டார்கள். ஊறுகாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். வெளியே அசீம் மூன்று மணி நேரமாக நின்றான். கிள்ளான் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

நாலரை மணிக்கு அவள் முறை வந்தது. மகளின் எண் மனப்பாடம். அந்தப் பெண் ஊழியர் தன் கைபேசியிலேயே போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா, என்னாச்சு? எங்க இருக்கீங்க?"

"சுஃபியா, டிக்கெட் எடுத்து அனுப்பு தாயி. விடமாட்டேங்கிறாங்க."

"எந்தத் தேதிக்கும்மா?"

மைதீன் பீவி மடியிலிருந்த டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு, "நீயே போட்டுரு" என்றாள்.

சுஃபியா அதே முப்பதாவது நாளைத்தான் போட்டாள். அதைவிடத் தள்ளிப்போட அனுமதி இல்லை. டிக்கெட் வந்து சேரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாரி சரிபார்த்து முத்திரை குத்தியபோது ஐந்தே முக்கால்.

வெளியே வந்தவளின் பையை அசீம் வாங்கிக்கொண்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்காரு தம்பி?"

"வாங்க மாமி, போவோம்."

"எப்ப?"

"அஞ்சு மணிக்கு முன்னாடின்னு ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. நர்ஸு வந்து பாக்கயில... தூக்கத்துலயே மாமி."

கார் கிளம்பி வெகுதூரம் போன பிறகு மைதீன் பீவி கேட்டாள்: "என்னையக் கேட்டாரா?"

"மத்தியானம் போன்ல கேட்டாரு. பிளேன் எறங்கிருச்சு, வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். 'அவ வந்திருவா, சொன்ன நேரத்துக்குச் சேலை குடுக்கிறவ' அப்படின்னாரு."

அவள் வரும்வரை மையித்தை வைத்திருந்தார்கள். முகம் பார்த்தாள். மறுநாள் காலையில் அடக்கம் செய்தார்கள். ஊறுகாய் டப்பாவை அவர் தங்கியிருந்த அறையில் இருந்தவர்களிடம் கொடுத்தாள். நான்காம் நாள், சுஃபியா மாற்றி அனுப்பிய டிக்கெட்டில் திரும்பினாள்.

இனி நான்கு மாதம் பத்து நாள் இத்தா. வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டிய காலம். வந்த அன்று சுஃபியா அழுதுகொண்டே சொன்னாள்: "அந்தக் கட்டத்துல தேதி போட்டது நான்தாம்மா. ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். டிக்கெட்டும் அன்னைக்கே எடுத்திருக்கணும்."

"நான் சொல்லித்தான எடுக்காம விட்ட" என்றாள் மைதீன் பீவி. பிறகு வேறு யாருடைய சமாச்சாரமோ போலக் கேட்டாள்: "இத்தா எந்தத் தேதியில முடியுது? சொல்லு."

சுஃபியா பிறைக் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா தையல் சாக்பீஸை எடுத்து மிஷின் பலகையின் ஓரத்தில் அந்தத் தேதியை எழுதினாள். தைக்கும்போது சேலை உரசி உரசிச் சாயங்காலத்துக்குள் அது அழிந்துவிடும். தினமும் காலையில் அதே இடத்தில் மறுபடி எழுதிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோக்கிறாள்.