ஓடிப்போற இருட்டு

என் அக்கா புருஷனை சைட்ல எல்லாரும் கழுகுன்னுதான் கூப்பிடுவாங்க. டவர் கிரேன் ஓட்டறவர். காலையில ஏணி ஏறினா சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். அவ்வளவு உயரத்துல இருந்துக்கிட்டு, "டேய் மச்சான், உன் ஷூ லேஸ் அவுந்திருக்கு பாரு"ன்னு வாக்கி-டாக்கியில நக்கல் அடிப்பார். குனிஞ்சு பார்த்தா நிஜமாவே அவுந்திருக்கும். கண்ணு மேல அப்படி ஒரு திமிர் அவருக்கு.

நான் அவருக்கு சிக்னல்மேன். கட்டடத்துக்குப் பின்பக்கம் சுமை இறங்கும்போது கேபின்ல இருந்து ஒண்ணும் தெரியாது. "இறக்கு, இறக்கு, மெதுவா, நிறுத்து"ன்னு நான் சொல்லச் சொல்ல அவர் லீவரை நகத்துவார். என் குரல் நின்னா கிரேனும் நிக்கணும். இந்த வேலையில அதுதான் சட்டம்.

அந்த மனுஷன் பண்ணின காரியத்தைக் கேளுங்க.

டீ குடிச்சிட்டு நிக்கறேன், அக்கா போன் பண்றா. ஒரே அழுகை. "உங்க மாமாவுக்கு வலது கண்ணுல அடிக்கடி திரை இறங்கின மாதிரி இருட்டிடுதுடா. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது. டாக்டர் கழுத்துல ஸ்கேன் எடுக்கச் சொல்லி எத்தனை நாளாச்சு, போகவே மாட்டேங்கறார். ஐயோ, யார்கிட்டயும் சொல்லிடாத, வேலை போயிடும்."

எனக்கு உச்சி மண்டையில சுர்ருன்னு ஏறிச்சு. வேலை போயிடுமாம்! அவர் தூக்கற சுமைக்குப் பக்கத்துலதானே தினம் நான் நிக்கறேன்? என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர்!

மாமாவை வேற சேனலுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். சிரிக்கிறார்.

"அதுவா? அமரோசிஸ் ஃபியூகாக்ஸ். அமரோசிஸ்னா கிரேக்கத்துல இருட்டறது. ஃபியூகாக்ஸ்னா லத்தீன்ல ஓடிப்போறது. டாக்டரே சொன்னார். பேர்லயே ஓடிப்போறதுன்னு இருக்கு, அப்புறம் என்னடா பயம்? பாதி நேரம் உன் குரலைக் கேட்டுத்தானே ஓட்டறேன்? அதுக்குக் கண்ணு எதுக்கு?"

"டாக்டர் அதோட நிறுத்திட்டாரா?"

சிரிப்பை விட்டுட்டு முனகறார். "கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கலாமாம். அதுல இருந்து துணுக்கு உடைஞ்சு கண்ணுக்குப் போகுதாம். அடுத்தது மூளைக்குப் போனா பக்கவாதமாம். சும்மா பூச்சாண்டி காட்டறார்டா."

"இருட்டுதான்யா ஓடிப்போகுது! அதை அனுப்பினது இன்னும் உன் கழுத்துலதான்யா இருக்கு!" மாமாவை ஒருமையில பேசினது அன்னைக்குத்தான். "மரியாதையா இறங்கி வா."

"போடா, வேலையைப் பாரு. அடுத்த சுமையைக் கட்டச் சொல்லு."

கொக்கி காலியாத்தான் தொங்கிச்சு. நான் பொதுச் சேனலுக்கு மாத்தினேன். மொத்த சைட்டுக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். "கழுகுக்குக் கண்ணு போயிப் போயி வருது. யாரும் சுமை கட்டாதீங்க. கிரேன் பக்கம் யாரும் நிக்காதீங்க. நான் சிக்னல் குடுக்க மாட்டேன்."

எஞ்சினியர் ஓடி வந்தார். கிரேன் நின்னுச்சு. மாமா ஏணியில இறங்கி வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல, எங்க பாதியில திரை இறங்கிடுமோன்னு. தரையில கால் வெச்சதும் என் சட்டையைப் பிடிச்சார். "என் பொழப்புல மண்ணைப் போட்டியேடா பாவி!" அவரைப் பிடிச்சு ஆட்டோவுல தள்ளினேன்.

ஸ்கேன்ல கழுத்துக் குழாய் கிட்டத்தட்ட அடைஞ்சே போயிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன வேணும்னாலும் ஆகியிருக்கும்னார் டாக்டர். உடனே ஆபரேஷன் பண்ணினாங்க.

இனிமே கிரேன் கிடையாதுன்னுட்டாங்க. ஸ்டோர்ல ஆணி, போல்ட் எடுத்துக் குடுக்கறார். என்கிட்ட இன்னும் பேச்சு இல்ல. நான் எதிர்ல நிக்கும்போதே அக்காகிட்ட, "உன் தம்பியைச் சாப்பிட்டுப் போகச் சொல்லு"ங்கறார்.

கோவமா இருக்காராம். இருக்கட்டும். கோவப்படறதுக்காவது ஆள் இருக்காரே. எனக்கு இருக்கற கோவத்துக்கு அவர் கோவமெல்லாம் எந்த மூலைக்கு?