ஓடாத வண்டி குடித்த ஆயில்

பெரியப்பா இறந்த பிறகு அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை யாரும் ஓட்டவில்லை. பிச்சாட்டூரில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில், அவர் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே நின்றது. நெஞ்சு எரிகிறதென்று பஸ் ஏறித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனவர், சாயங்காலம் வந்துவிடுவதாகப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தன் அண்ணன் வண்டி வீணாகிவிடக் கூடாதென்று, நான் நைனா என்று கூப்பிடும் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைப்பார். ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து, அளவுக்கம்பியை விட்டு ஆயில் பார்ப்பார். ஓடுகிற காலத்திலேயே ஆயில் குடிக்கிற வண்டிதான் அது. ஆனால் நின்றுகொண்டே குடிக்கத் தொடங்கியபோது நைனாவுக்குக் குழப்பமாகிவிட்டது. ஊற்றி வைப்பார், அடுத்த வாரம் குறைந்திருக்கும். ஒழுகுகிறதோ என்று அடியில் அட்டையை விரித்து வைத்தார். அட்டையில் ஒரு பொட்டுகூட இல்லை.

இதைக் கேட்டு வீட்டில் முதலில் சிரித்தது பெரியம்மாதான். துக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அவருதான் எட்த்துக்கினு போறாரு" என்றாள்.

அம்மா அன்றே வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டி, என்னை அந்தப் பக்கம் போகக் கூடாதென்று மிரட்டினாள். எனக்கு அப்போது எட்டு வயது. மிரட்டினால் கட்டாயம் போகிற வயது. மத்தியானம் எல்லாரும் அசந்திருக்கும்போது போய்ப் பார்த்தேன். பெரியம்மா தரையில் உட்கார்ந்து எஞ்சினில் காது வைத்துக்கொண்டிருந்தாள். விரலால் என்னைக் கூப்பிட்டாள். நானும் காது வைத்தேன். இரும்பு ஜில்லென்றிருந்தது. உள்ளே ஏதோ சொட்டியது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"கேட்டுச்சா?" என்றாள். நான் ஓடியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு வண்டியின் பக்கத்தில் பெரியப்பாவின் செருப்பு வந்தது. அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர். பெரியம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவர் வந்த பிறகு துன்னுக்கிறேன் என்பாள். அவள் மெலிந்துகொண்டே வந்தாள். இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்த நைனா, ஒரு மத்தியானம் வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்து கிக்கரை உதைத்தார். பலமுறை உதைத்த பின் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது.

கிளம்பியதும் புகை. அப்படி ஒரு புகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளையும் நீலமுமாக வாசலை மூடி, வீட்டுக்குள்ளும் புகுந்தது. பெரியப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாடை. பக்கத்தில் நின்ற அம்மாவே எனக்குத் தெரியவில்லை; கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புகைக்குள்ளிருந்து பெரியம்மா வந்தாள். முகம் கழுவி, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

வண்டிமேல் மங்கலாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்றாள்.

நைனா எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே புத்தூரிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் ஆயில் குறைகிற கதை முழுவதையும் கேட்டுவிட்டு, மேலே எதையும் பிரிக்காமல் எஞ்சினின் அடி நட்டைக் கழற்றினார். கருப்பாக ஆயில் கொட்டத் தொடங்கி, வைத்த சட்டி நிறைந்து வழிந்தது.

"எங்கயும் போலண்ணா. பம்பு தேஞ்சிபோச்சி. நிக்க நிக்க மேல டேங்குல இருக்கற ஆயிலு கொஞ்சம் கொஞ்சமா கீழ எஞ்சினுக்குள்ள எறங்கிட்சி. நீங்க மேல பாத்து ஊத்திக்கினே இருந்திருக்கீங்க. அதான் அவ்ளோ பொக" என்றார்.

பம்பு மாற்றி, புது ஆயிலும் ஊற்றியாயிற்று. அடுத்த ஞாயிறு நைனா அளவுக்கம்பியை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் ஓடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாருங்க அண்ணி, ஒரு சொட்டுகூட கொறையல!"

பெரியம்மா கம்பியை வாங்கி, கோடு வரை பளபளத்த ஆயிலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, ஊரே கூடும்படி அழுதாள். பெரியப்பாவைத் திருப்பதியிலிருந்து கொண்டுவந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

வண்டிதான் சரியாகிவிட்டதே, பேயும் இல்லையென்று ஆகிவிட்டதே, இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். பயம் தெளிந்ததால் வருகிற அழுகை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.