கருக்குக் கை

1938 ஆம் ஆண்டு ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. எழுந்து முற்றம் கூட்டி, தேநீர் வைத்து, தங்கையின் தலையை வாரிக் கட்டினேன். சீப்பால்தான் வாரினேன், விரல்களைக் கூந்தலில் விட்டால் என் கை வெடிப்புகளில் மயிர் சிக்கும்.

அப்போது நான் ஊர்காவற்றுறையில் மருத்துவிச்சி. ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கார்பாலிக் சவர்க்காரத்தால் முழங்கைவரை தேய்த்து, லைசோல் கலந்த நீரில் கைகளை அமிழ்த்த வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். அதில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்காததால் இன்னும் தேய்ப்போம். அவித்தெடுத்த ரப்பர் கையுறைக்குள் வியர்வை வேறு. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியதும் விரல் மூட்டுகள் வெடித்து நீர் கசிந்தது. புளியும் உப்பும் எரித்ததால் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கையோட நீர் பிரசவம் பார்க்க ஏலாது. தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது. முதலில ஆறட்டும்.”

அவர் சொன்னது சரிதான். ஆனால் தங்கை நிறைமாதம். நாங்கள் தாயில்லாதவர்கள். அதனால் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு சுருவில் கிராமத்திலிருந்து என்னிடம் வந்திருந்தாள். எனக்குப் பிள்ளையில்லை. ஊரார் பிள்ளைகளை எல்லாம் ஏந்திய கைகளில் இந்த ஒன்றும் விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“அக்கா, இதென்ன கையோ, வாள்பல்லு மாதிரிப் பனங்கருக்கு மட்டையோ?” என்று தங்கை சிரித்தாள். “என்ர பிள்ளையை அறுத்துப்போடுவியள்.”

“கருக்கு மட்டை வேலிக்கெண்டாலும் உதவும். நீ பேசாமல் தேத்தண்ணியைக் குடி.”

“உங்கட கை ஆறுமட்டும் உள்ளுக்க இருக்கச் சொல்லியிருக்கிறன். பிள்ளை என்ர சொல்லுக் கேக்கும்,” என்றாள் வயிற்றைத் தடவியபடி.

குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு செம்பு என் கைகளுக்கென்று என் கணவர் எடுத்து வைப்பார். கழுவி, வேப்பெண்ணெய் பூசி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்வேன். வலக்கைப் பெருவிரல் மட்டும் ஆற மறுத்தது.

அந்தச் செவ்வாய் மத்தியானமே தங்கைக்கு வலி கண்டது. என்னிலும் மூத்த இன்னொரு மருத்துவிச்சியை அழைத்தோம்.

“நீர் தங்கச்சியின்ர தலைமாட்டில நில்லும். வாயால தைரியம் சொன்னால் போதும்,” என்றார் அவர்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தலை தெரிந்தபோது துணிக்குள் என் விரல்கள் தாமாகக் குவிந்தன. பெண்பிள்ளை. ஈரமாகவும் சூடாகவும் கைகளில் வந்திறங்கும் அந்தப் பாரம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் பார்த்துக்கொண்டு நிற்கக் கஷ்டமாயிருந்தது.

சோளகம் ஓய, கைகள் ஆறின. அந்தப் பிள்ளையை எத்தனையோ தரம் தூக்கினேன். இடுப்பிலும் தோளிலும் சுமந்தேன். அந்த முதல் பாரத்தின் ஏக்கம் மட்டும் இன்றும் தீரவில்லை.

பிள்ளை பிறந்த மறுநாள் காலை எழுந்ததும், கைகளுக்கென்று செம்பில் வைத்திருந்த நல்ல தண்ணீரால் முகத்தைக் கழுவித் துடைத்தேன். கைகளைப் பின்னால் வைத்தபடியே குனிந்து, பிள்ளையின் உள்ளங்காலில் என் கன்னத்தை வைத்தேன்.